பாஸ் இல்லாத மாமனாரும் வடியாத நுரையும்

எமகெபேனி நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளாக வைக்கப்பட்ட ஒரு பானை பீரின் நுரை இருபத்தேழு வருடம் வடியவில்லை. அதே காலத்தில் ரொட்டி விலை பலமுறை ஏறியது, டர்பனுக்கு ரயில் கட்டணம் ஏறியது, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய அந்த நகரியத்துக்குக் குழாய்த் தண்ணீர் வருவதாகச் சொல்லி இரண்டு தடவை வராமல் போனது. நுரை மட்டும் பானையின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி அலமாரியில் நின்றது.

பானை மாகுமெடேயுடையது. அவள் புருஷன் வெலாபி துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கியவன். ஒரு நாள் சரிந்த மூட்டைகளுக்கு அடியில் போனவனை மறுநாள்தான் எடுத்தார்கள். வீடு அவன் பெயரில் இருந்தது. ஆண் பெயர் இல்லாத வீட்டில் பெண் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். துக்க வருடம் முடியும்வரை இருந்துகொள்ளலாம் என்று நகரியத்து சூப்பரின்டென்டென்ட் ஹாட்டிங் துரை பெருந்தன்மையோடு சொன்னார். சொன்ன கையோடு வீட்டை வேறொருவனுக்கு ஒதுக்கியும் வைத்தார். மாகுமெடேக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வீடு போனால் மலைக்கு அப்பால் உள்ள வறண்ட ஊருக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அங்கே பள்ளிக்கூடமும் கிடையாது, அதற்குப் போகும் வழியும் கிடையாது.

அவள் பீர் வடித்துப் பிழைத்தாள். வீட்டில் பீர் வடிப்பதும் குற்றம்தான். பீர் விற்கும் உரிமை அரசாங்க பீர் கொட்டகைக்கு மட்டுமே உண்டு. அங்கே குடிப்பவன் உட்காருவதற்குள் நுரை எழுந்து போய்விடும். அதனால் ஆண்கள் பெண்களின் வீட்டுப் பின்பக்கங்களுக்கு வந்தார்கள். பெண்கள் பிள்ளையின் மளிகைக் கடையில் கோழித்தீவனம் என்ற பெயரில் முளைகட்டிய சோளம் வாங்கினார்கள்.

மாகுமெடேயின் நுரையும் முதலில் அற்பாயுசுதான். பெயர் வாங்கியது பக்கத்து வீட்டு மாஷெசியின் நுரை. அதில் தீக்குச்சி நிற்கும். ஆனால் துக்க வருடத்தில் விதவை உடம்பில் கொழுப்புப் பூசிக்கொள்ளக் கூடாது. பீர்ப் பானையைக் கொழுப்பு தடவிக் கருகருவென்று மினுக்கி வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். மாகுமெடே தன் உடம்புக்கும் தடவவில்லை, பானைக்கும் தடவவில்லை. பானை யானையின் குதிகால் மாதிரி வெளிறிப் போனது.

மாஷெசி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, உன் பானைக்கும் புருஷன் செத்துட்டானா?"

"ஆமா, அதுவும் என்கூடத்தான் அழுதுச்சு. உன்னது ஏன் கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குது? ராத்திரி எங்கயாவது போகுதா?"

அந்த வாரம் வடித்த பீரில் நுரை காலையிலிருந்து மாலைவரை நின்றது. கொழுப்புதான் நுரைக்கு எமன் என்று மாகுமெடேக்குப் புரிந்தது. அதன் பிறகு அவள் அடங்கவில்லை. பானையைத் துணியால் துடைப்பதை நிறுத்தி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தாள். முளைக்காத சோளத்தில் ஒரு பிடி மாவாக்கிக் கஞ்சியில் சேர்த்தாள். இறைச்சி தின்ற கையோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திக் கைகழுவ வைத்தாள். மாஷெசி வந்து நுரையில் தீக்குச்சியை நட்டுப் பார்த்தாள், பிறகு மர அகப்பையை நட்டாள், கடைசியில் தன் செருப்பைக் கழற்றி மேலே வைத்தாள். செருப்பும் நின்றது.

"என்னடி போட்டே இதுல?"

"ஒண்ணும் போடல. போட்டுக்கிட்டிருந்ததை நிறுத்துனேன்."

எந்தப் பானையிலும் முதல் நுரை வீட்டின் செத்த பெரியவர்களுக்கு. பின்சுவர் ஓரம் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காலையில் நுரை வடிந்திருக்கும். குடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாகுமெடே கூப்பிட்டது மாமனார் ம்பாங்கோ செலேயை. உயிரோடிருந்தபோதே அவர் நுரையை மட்டும் குடித்துவிட்டு பீரை அடுத்தவனிடம் நீட்டுகிறவர். கறுப்பர்கள் நகரத்துக்குள் நடமாடக் காட்ட வேண்டிய பாஸ் புத்தகத்தை வாங்குவது கழுத்தில் நாய்ப்பட்டை கட்டிக்கொள்வது மாதிரி என்று சொல்லி, சாகும்வரை வாங்காமல், அதனாலேயே நகரத்தில் கால் வைக்காமல் மலையிலேயே இருந்து செத்தவர். செத்த பிறகு மருமகள் வீட்டுக்குப் பின்சுவர் வழியாக வந்து போனார்.

துக்க வருடம் முடிகிற வாரத்தில் ஹாட்டிங் துரை கான்ஸ்டபிள் ஹ்லேலாவோடும் இரும்புக் கம்பிகளோடும் வந்தார். முற்றத்து மண்ணில் புதைத்திருந்த பீர்ப் பீப்பாய்களைக் கம்பியால் குத்திக் கண்டுபிடித்து, தோண்டியெடுத்துச் சாக்கடையில் ஊற்றினார்கள். ஒரு பானையை மட்டும் கவிழ்க்காமல் வழக்குக்குக் கொண்டுபோனார்கள். தண்டனை விழுந்தால் அன்றைக்கே லாரி ஏற்றலாம் என்பது துரையின் கணக்கு.

மாஜிஸ்திரேட் சட்டத்தைக் கடைசி வரிவரை படிக்கிறவர். இத்தனை கேலனுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று சட்டம் சொன்னது. பானைக்குள் அளவுகோலை விட்டார்கள். அது வெளியே வரும்போது நுரையும் கூடவே ஏறிவந்து எண்களை மூடிக்கொண்டது. நுரை வடிந்ததும் அளக்கலாம் என்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திவைத்தார். பிறகு மறுநாளைக்கு, பிறகு அடுத்த மாதத்துக்கு. அதுவரை குற்றம் சாட்டப்பட்டவள் தன் வீட்டை விட்டு எங்கும் போகக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. ஆக, அவளை வெளியேற்ற நினைத்த சட்டமே வாசலில் உட்கார்ந்து அவளை உள்ளே காவல் காத்தது.

ஹாட்டிங் துரை ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றிப் பார்த்தார். நுரை அதை ஒதுக்கி விளிம்பு வழியாக அவர் காலணி மேல் வழியவிட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றியதில் இன்னும் வெள்ளையானது. பாதியை அள்ளி வெளியே கொட்டியதும், சாட்சிப் பொருளைக் குறைத்ததாக மாஜிஸ்திரேட் அவருக்கே அபராதம் போட்டார். அதற்குள் நுரை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது.

கடைசியில் மாஜிஸ்திரேட் அவளையே கேட்டார். "என்னம்மா, இது எப்பத்தான் வடியும்?"

ஹ்லேலா மொழிபெயர்த்தான். மாகுமெடே கூண்டில் கை கட்டாமல் நின்றாள். "எங்க மாமனார் வந்து குடிச்சா வடியும், துரை."

"கூப்பிடு அவரை."

"எப்படி வருவாரு? என் வீட்டுக்குப் பின்சுவர் இருக்கு. உங்க கட்டடத்துக்கு வாசல் மட்டும்தான். வாசல்ல இந்த ஹ்லேலா பாஸ் கேக்குறான். அவருக்குத்தான் பாஸ் கிடையாதே."

"செத்தவருக்கு எதுக்கும்மா பாஸ்?"

"அதைத்தான் நாங்க இத்தனை வருஷமா கேக்குறோம், உயிரோட இருக்கவங்களுக்கு எதுக்குன்னு."

நீதிமன்றத்தில் மாஷெசி சிரித்த சிரிப்பில் அவளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. வழக்கை முடித்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்த அவர், ம்பாங்கோ செலேக்கு பாஸ் வழங்கும்படி உத்தரவிட்டார். ஹாட்டிங் துரை பல்லைக் கடித்துக்கொண்டு காலி நாற்காலியைப் புகைப்படம் எடுக்க வைத்தார். கழுவிப் பார்த்தபோது படத்தில் ஒரு கிழவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகு தெளிவாக விழுந்திருந்ததால் முத்திரை குத்தினார்கள். முகவரி: மருமகள் வீடு. நீதிமன்ற வாசலில் பெயரை மூன்று முறை கூவினார்கள். கிழவர் வரவில்லை. நுரை ஒரு விரற்கடை உயர்ந்தது.

"பாஸ்தான் குடுத்தாச்சே, ஏன் வரல?" என்று ஹ்லேலா கேட்டான்.

"குடுத்ததாலதான் வரல. உயிரோட இருந்தப்பவே வாங்காதவரு, செத்தப்புறமா வாங்குவாரு?"

துரைக்கு விஷயம் இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த முகவரியில் இப்போது பாஸ் உள்ள ஆண் ஒருவர் சட்டப்படி குடியிருந்தார். அவருடைய மருமகளையும் பேத்திகளையும் யாரும் அசைக்க முடியாது. பாஸை ரத்து செய்யலாம் என்று பார்த்தால், அதற்கு உடையவர் நேரில் வர வேண்டும், அல்லது இறப்புச் சான்றிதழ் வேண்டும். மலையில் செத்தவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. வீடு ஒதுக்கப்பட்டவன் சாமான்களோடு வந்து, முற்றத்தில் வெளிறிய பானைகள் வெயில் காய்வதைப் பார்த்துவிட்டு, ஒரு குவளை குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். ஹாட்டிங் துரை வேறு நகரியத்துக்கு மாற்றல் வாங்கினார். எமகெபேனி பெண்கள் எல்லாரும் பானைக்குக் கொழுப்பு தடவுவதை நிறுத்தினார்கள், மாஷெசி கடைசியாக. சோதனைக்கு வந்த போலீஸ்காரர்கள் சாக்கடையில் ஊற்றிய பீரெல்லாம் தெருவில் நுரையாக நின்று, அவர்களுடைய வண்டியை மழைக்காலம் முடியும்வரை மறித்தது. மாகுமெடேயின் பெண்கள் படித்து, ஒருத்தி நர்ஸானாள், ஒருத்தி ஆசிரியையானாள். மாஜிஸ்திரேட்டுகள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் பொறுப்பேற்ற அன்று அலமாரியைத் திறந்து பார்த்து, வழக்கை ஒத்திவைத்து, அலமாரியைச் சாத்தினார்கள்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் பாஸ் சட்டம் ஒழிந்தது. அன்று ஊரே புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்தது. மாகுமெடே மாமனாருடையதையும் போட்டாள். முதுகுப்படம் எல்லாவற்றுக்கும் கடைசியாக எரிந்தது. மறுநாள் காலை காவலாளி அலமாரியைத் திறந்தபோது நுரை இல்லை, பீரும் இல்லை. இருபத்தேழு வருடம் காத்திருந்தவர் இந்த ஒரு தடவை மிச்சம் வைக்கவில்லை. அளப்பதற்கு எதுவும் இல்லாததால் வழக்கு தள்ளுபடியானது. பானையை உடையவளிடம் கொடுத்தார்கள்.

கிழவியாகிவிட்டிருந்த மாகுமெடே பானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். "எவன்டா இதைத் துணியால தொடச்சது?"

"தூசியா இருந்துச்சும்மா," என்றான் காவலாளி.

"என்ன துணிடா? ஆட்டுக்கறி நாறுது. அரசாங்கமே முட்டிப் பாத்து முடியாததை ஒரே துடைப்புல முடிச்சுட்டியே. இனி இதுல நுரை நிக்குமா? போ, வெந்நீரும் சாம்பலும் கொண்டா."

நீதிமன்ற முற்றத்திலேயே அவனைத் தேய்க்க வைத்தாள். தேய்த்த பானையை வாசற்படி நடுவில், நல்ல வெயில் விழும் இடத்தில் கவிழ்த்தாள்.

"வீட்டுல போய்க் காயவச்சா ஆகாதா? வழியை மறிக்கிறேடி," என்றாள் மாஷெசி.

"இங்கயே காயட்டும்."

பானை காயும்வரை மாகுமெடே படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். வக்கீல்களும் போலீஸ்காரர்களும் உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை, பெரியவரே என்று முனகிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள்.