பனிக்கால அளவு

ரேச்சல் ஜனவரியில் எடுத்த அளவில் ஒரு தப்பும் இல்லை. மீட்டர் சரி, கணக்கு சரி, போட்ட கையெழுத்தும் சரி. குன்னூருக்கு மேலே அந்தச் சின்னத் தேயிலை ஃபேக்டரிக்கும் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். மூன்று நாள் அதன் லோடை அளந்தாள். பாதி லோடுகூட இல்லை. கார் சார்ஜரைத் தாராளமாகத் தாங்கும் என்று தான் வேலை பார்க்கும் சார்ஜிங் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். சர்ச்சில் டாக்சிக்கார ஸ்டெபினைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை: "முக்கா மணி நேரத்துல சார்ஜ் ஏறிருங்கண்ணா." மனுஷன் அதை நம்பி டீசல் வண்டியை விற்று எலெக்ட்ரிக் கார் எடுத்துவிட்டார்.

ஏப்ரல் கடைசியில், ஃபேக்டரி வாசலில் சார்ஜரைத் திறக்கும் நாள். முதல் வண்டி ஸ்டெபினுடையது. பேட்டரி பன்னிரண்டு சதவீதம். மதியம் ஊட்டியில் ஒரு குடும்பம் அவருக்காகக் காத்திருக்கும். ரேச்சல் பேருக்கு ஒரு தரம் டிரான்ஸ்ஃபார்மரின் லோடைப் பார்த்தாள். சார்ஜரைப் போடாமலேயே தொண்ணூறு சதவீதம்.

"எப்பங்க மேடம் அளந்தீங்க?" என்றார் ஃபேக்டரி சூப்பர்வைசர் ஹரிதாஸ்.

"ஜனவரியில."

"அடடா! அப்பப் பனியில செடியெல்லாம் கருகிக் கெடந்துச்சுங்களே. வாரத்துல ரெண்டு நாள் மெஷின் ஓடுனாலே பெருசு. இப்ப ராவும் பகலும் நிக்கறதில்லீங்க."

பக்கத்து அருவங்காட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். பனிக்காலத்தில் இலை வராது என்பது தெரியாதா? தெரியும். மீட்டரைக் கையில் பிடித்ததும் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ.

தன் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டாள். ஒரு வண்டிதானே, இன்றைக்கு ஓட்டிவிடு என்றார் அவர்.

"முடியாதுங்க சார். டிரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா நாப்பது ஊடு இருட்டு, ஃபேக்டரிக்குள்ள இருக்கற எலை அத்தனையும் வீண். தப்பு என்னுதுங்க. அப்படியே எழுதி அனுப்பிடறேன்."

சார்ஜரின் வேகத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்து வைத்துவிட்டு ஸ்டெபினிடம் போனாள்.

"நாலு மணி நேரம் ஆகுங்கண்ணா. என்னை மன்னிச்சிருங்க."

ஸ்டெபின் ஊட்டிக்குப் போன் செய்து, அந்தக் குடும்பத்தை வேறொரு டிரைவருக்குக் கைமாற்றிவிட்டார். திட்டித் தீர்த்திருந்தால் அவளுக்குத் தேவலை.

"பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு எழுதறேனுங்கண்ணா. வர நாளாகும். அதுவரைக்கும் எலை கொறையறப்ப முழு வேகத்துல குடுக்கலாம்."

"எலை எப்பம்மா கொறையும்?"

"பொங்கல் கழிஞ்சா நல்லாக் கொறைஞ்சிரும்."

மலைப்பாதையில் டூரிஸ்ட் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. ஸ்டெபின் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொங்கல் கழிஞ்சா இங்க யாரும்மா வர்றாங்க?"