கூடத்துச் சோபா

பஸ் டிரைவருக்கு ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்த டாக்டர்கள், வயிற்றின் இடப்பக்கம் மலம் வெளியேற ஒரு வழி வைத்து, அதன்மேல் பையை ஒட்டி அனுப்பினார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். மறுபடி வண்டியும் ஓட்டினார். பெல்ட் பையை அழுத்தாமலிருக்க ஒரு துண்டை மடித்துச் செருகிக்கொள்வார். பயணிகள் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில்தான் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கூடத்துச் சோபாவில் படுத்தவர், அங்கேயே தங்கிவிட்டார். விடியற்கால டூட்டிக்கு எழும்போது அவள் தூக்கம் கெடும் என்று சாக்குச் சொன்னார். மனைவி மறுத்துப் பேசவில்லை. அருவருப்பு போலிருக்கிறது என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். அவள் பிடரியில் முகம் புதைத்துத் தூங்கிய நாட்களை நினைத்துக்கொள்வார். நடுவில் ஒரே சுவர்தான். ஆனாலும் ஏழு கடலுக்கு அப்பால் இருப்பவளுக்காக ஏங்குவதுபோல் ஏங்கினார்.

ஒரு விடுமுறை மதியம் சோபாவில் கண்ணயர்ந்தபோது பையின் ஒட்டு விட்டுவிட்டது. சட்டை, விரிப்பு, சோபா எல்லாம் நாசம். குளியலறையில் விரிப்பை அலசிக்கொண்டிருந்தவர், தையல் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பிய மனைவி வாசலில் நிற்பதைக் கண்டு கூனிக்குறுகிப் போனார். போகச் சொன்னார். அவள் போகவில்லை. விரிப்பை வாங்கி அலசி, சோபாவையும் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். அவர் புதுப் பையை ஒட்டி முடிக்கும்வரை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சோபா காய நேரமாகும். உள்ள வந்து படுங்க," என்றாள்.

"வேணாம். நாத்தம் அடிக்கும்."

"இத்தனை வருஷம் டீசல் நாத்தத்தோட வந்தீங்களே, மூக்கைப் பொத்திக்கிட்டா படுத்தேன்?"

"இது நேரங்காலம் பாக்காம சத்தம் போடும். என் கையில இல்ல."

"உங்க குறட்டை மட்டும் உங்க கையிலயா இருந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நீங்கதானே ஒதுங்கிப் போனீங்க. என்னைப் பிடிக்காம போச்சோன்னு இருந்தேன்," என்றாள்.

அவள் உள்ளே போய்ப் படுத்ததும் அவரும் போய், வலப்பக்கமாகச் சரிந்து அவளுக்குப் பின்னால் படுத்தார். பை பட்டுவிடக்கூடாதே என்று இடுப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இடையில் ஒரு சாண் வெளி. தாண்ட ஆசைதான், உடம்பு வரவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் தூங்கியும் போனாள்.

அன்றிலிருந்து அவர் படுக்கை உள்ளேதான். அந்த ஒரு சாண் குறையத்தான் நாளாயிற்று.