வடக்குச் சுவரின் சந்து

அந்த வீட்டில் வடக்குச் சுவரில் சாய்ந்து உட்கார ஒருவருக்கும் தைரியம் கிடையாது. ஐப்பசி பிறந்தால் போதும், சுவர் ஓதம் ஏறி ஊறிப்போகும். சாய்ந்தவர் முதுகு பூராவும் சுண்ணாம்புக் கறையோடுதான் எழுந்திருப்பார். சட்டை கிடக்கட்டும், துவைத்துக்கொள்ளலாம். துர்காவின் மகள் தமிழினிக்கு அந்தச் சில்லிப்பில் மூச்சு இழுக்குமே, அதை எந்த சோப்பு போட்டுத் துவைப்பது?

"இந்த மழைக்கும் சுவரு ஊறுச்சுன்னா வூட்ட வித்துட்டு வேப்பூருக்கே போயிடலாம், துர்கா" என்று புருஷன் அறிவழகன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். வேப்பூரில் அவன் அண்ணன் இருக்கிறார். துர்காவின் பீங்கான் பட்டறையோ இங்கே விருத்தாசலத்தில் இருக்கிறது. கரண்ட் பெட்டிக்குப் பீங்கானில் பீஸ் கட்டை செய்து தன் சூளையிலேயே சுட்டு எடுக்கிறவள், சூளையை இடுப்பில் தூக்கிக்கொண்டா போவாள்?

அந்தச் சூளைதான் வழி காட்டியது. உள்ளே அனல் தகிக்கும்போதும் வெளிச்சுவரில் கை வைக்கலாம். காரணம், இரட்டைச் சுவரும் நடுவே வெறும் காற்றும். அனலே தாண்டாத காற்றை ஈரம் மட்டும் தாண்டிவிடுமா? வடக்குச் சுவரை இடித்து, தரை ஈரம் ஏறாமல் அடியில் தார் பூசி, நாலு விரல் சந்து விட்டு இரண்டு சுவராக எழுப்பச் சொன்னாள். இரண்டையும் பிணைக்க அங்கங்கே கம்பி, சந்துக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டை.

"பொள்ளலா சுவரு கட்டுனேன்னு நாளைக்கு என்னத்தான் ஏசுவாங்க" என்று புலம்பிக்கொண்டே மேஸ்திரி ஆதிநாராயணன் கட்டினார்.

சுவர் இடுப்பளவு வந்த அன்று துர்கா சரக்குக் கொடுக்க வெளியூர் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பினால் நடுவில் விட்ட சந்தைக் காணோம்! பட்டறைக்குப் பின்னால் குவிந்து கிடந்த உடைசலை அள்ளி வந்து, புருஷனும் மேஸ்திரியும் விளிம்பு வரை நிரப்பியிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பள்ளம் என்று ஒன்று கண்ணில் படக் கூடாது. ரோட்டுக் குழியோ வீட்டு அஸ்திவாரமோ, பீங்கான் உடைசலைக் கொட்டினால்தான் தூக்கம் வரும்.

"பீங்கான்ல தண்ணி ஏறுமா, சொல்லு பாப்போம்?" என்று அறிவழகன் பெருமையாகச் சிரித்தான்.

துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பீங்கானாம் பீங்கான்! பட்டறக்காரி புருஷன்னு வெளிய சொல்லிடாதீங்க." ஒரு சில்லை எடுத்து நீட்டினாள். "நாக்குல வையுங்க."

வைத்தான். சில்லு நாக்கில் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"பளபளன்னு கிளேஸ் பூச்சு போடாம மொத சூடு மட்டும் வாங்குன சில்லு இது. உங்க எச்சியவே இந்தக் குடி குடிக்குதே, ஐப்பசி மழைய வுட்டுவைக்குமா? வெளிய இருக்கிற ஈரத்த இதுவே உள்ள கொண்டாந்து சேத்துடும்!"

"நெரப்புனத நான் தோண்ட மாட்டேம்மா" என்று மேஸ்திரி முறுக்கிக்கொண்டார்.

துர்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளிச்சுவரின் அடிவரிசைச் செங்கல் சிலவற்றைப் பெயர்த்துவிட்டு, மேலிருந்து கம்பியால் குத்தினாள். சில்லுகள் சலசலவென்று கொட்டின. அறிவழகன் கூடையைத் தூக்கினான். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியே, "தள்ளுங்கம்மா, இப்பிடிக் குத்துனா சுவரு சாஞ்சிடும்" என்று கம்பியை வாங்கிக்கொண்டார். டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு சில்லுகூடத் தங்கவில்லை என்றான பிறகுதான் துர்கா பெயர்த்த கல்லைத் திரும்ப வைத்து மேலே கட்ட விட்டாள்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வெளிச்சுவர் ஊறிக் கறுத்தது, அடி ஓட்டைகளில் தண்ணீர் சொட்டியது. துர்கா காலையில் எழுந்ததும் உள்சுவரைத் தடவிப் பார்ப்பாள். காய்ந்த சுவர்! நம்பிக்கை வராமல் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். அப்போதும் காய்ந்த சுவர்! தமிழினி அந்தச் சுவரோரமே பாய் போட்டுத் தூங்கினாள்; இழுப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல துர்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது.

மழை விடாத ஒரு மத்தியானம், வீட்டை வாங்கிக்கொள்வதாக முன்பே சொல்லிவைத்திருந்த மங்கலம்பேட்டை கலீல் பாய் குடையோடு வந்து நின்றார். "மழையில பாத்தாத்தானே வூட்டு லட்சணம் தெரியும்?" என்றார்.

துர்காவுக்குத் திக்கென்றது. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வெள்ளைச் சட்டை போட்டிருந்த அறிவழகன், நேராகப் போய் வடக்குச் சுவரில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தான். கையிலிருந்த டீயைக் குடித்து முடிக்கும் வரை அசையவில்லை. பிறகு எழுந்து, பாய்க்கு முதுகைக் காட்டி நின்றான்.

"கற எதுனா இருக்குதா பாய்?"

"இல்லீங்களே. இப்பத்தான் இஸ்திரி போட்ட மாதிரி இருக்குது."

"அப்ப வூடு விக்கறதுக்கு இல்லீங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

கலீல் பாய் சுவரைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "வூடு போனா போவுது. இந்த மழையில காயுற சுவத்தக் கட்டுனது யாருன்னாவது சொல்லுங்க. என் வூட்டுலயும் இதே ரோதனதான்."

அறிவழகன் துர்காவின் பக்கம் கை காட்டினான். "இவகிட்ட கேளுங்க. நாக்க நீட்டச் சொன்னா மட்டும் எதுத்துப் பேசாதீங்க."