ஒரு தடவை அழுத்தினால் ஆமாம்

அந்தச் சின்ன விமானத்தில் இரண்டே பேர். ஓட்டியது மருமகள். பின் இருக்கையில், கண் ஆபரேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த மாமியார். கிளம்பும்போது நல்ல வெயில். பாதி வழியில் மேகம் மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

அவள் ரேடியோ பட்டனை அழுத்தி விமான எண்ணைச் சொன்னாள், விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையிடம் வழி கேட்டாள். பதில் இல்லை. மூன்றாம் முறையும் கேட்டாள். பக்கத்தில் எங்கோ மலை. எரிபொருள் இன்னும் நாற்பது நிமிடத்துக்குத்தான்.

"ஏம்மா, அந்த ஆளு பேச மாட்டேங்கறானா?" ஹெட்போனில் மாமியார் கேட்டார்.

"லைன் பிஸி அத்தை. நீங்க கண்ண மூடிக்குங்க."

"மூடினாலும் தொறந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

அப்போதுதான் கட்டுப்பாட்டு அறையின் குரல் வந்தது. "யாரோ பட்டன அழுத்துறீங்க. சத்தம் மட்டும் வருது, பேச்சு வரல. நான் பேசுறது கேட்டா ஒரு தடவ அழுத்துங்க. இல்லன்னு சொல்ல ரெண்டு தடவ."

அவள் அழுத்தினாள்.

"மேகத்துக்குள்ளயா இருக்கீங்க?"

ஒன்று.

"வெளிய ஏதாவது தெரியுதா?"

இரண்டு.

"இடப்பக்கம் திரும்புங்க. ரேடார்ல எந்தப் புள்ளி திரும்புதுன்னு பாக்கறேன்."

திரும்பினாள். எரிபொருள் முள்ளைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

"புடிச்சிட்டேன். உடனே வலப்பக்கம் வாங்க. முன்னாடி மலை."

திருப்பினாள். அந்தக் குரல் மறுபடி வந்தது.

"பயமா இருக்கா?"

பத்து வருடமாக ரேடியோவில் அவள் சொல்லாத வார்த்தை அது. பின்னால் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை அழுத்தினாள்.

"எனக்கும் கை நடுங்குது. ஆனா நீங்க எனக்குத் தெளிவாத் தெரியறீங்க. மலையைத் தாண்டிட்டீங்க, நேரா ஓடுபாதைதான், மெதுவா இறக்குங்க."

மாமியாரின் கை அவள் தோளைப் பற்றியது. விடவில்லை. அறுநூறு அடி உயரத்துக்கு வந்தபோது மேகம் கிழிந்து ஈர ஓடுபாதை தெரிந்தது.

தரையிறங்கி எஞ்சினை அணைத்த பிறகும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"பயமான்னு அவன் கேட்டப்ப நீ இல்லன்னு அழுத்தியிருந்தா," என்றார் மாமியார், "திரும்பிப் போறப்ப உன்கூட ஏற மாட்டேன்."

பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். மருமகள்தான் எழுந்து போய்க் கழற்றிவிட்டாள்.