எந்த ஓம்

1

ஞானத்தின் விலை மணிக்கு அறுபது ரூபா. 2007இல் வெள்ளவத்தையில் பலீல் நானாவின் நெட் கபேயில் நான் அதைப் பேசி ஐம்பதுக்கு இறக்கினேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது, பொறாமையில். (கௌரவமான வேறொரு பிறப்பிடம் எழுதிப் பார்த்தேன். விலைபோகவில்லை.)

2

மழைநாள் ஒன்றில் நேசமலர்...

வேண்டாம். அன்று மழையில்லை. முகமும் இல்லை, திரையில் எழுத்து மட்டும். இங்கிலாந்திலிருந்து மாக்ரெட் எங்களுக்கு இணையவழி முதுமாணிப் பட்ட வகுப்பு எடுத்தார். கொழும்பில் இருவர்: நான், கொட்டாஞ்சேனை நேசமலர். மாக்ரெட் "விளங்குகிறதா?" என்று கேட்டால் நேசமலர் கைப்பழக்கத்தில், 'ஆமாம்' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவாள். மாக்ரெட் அதை மந்திரமென்று எடுத்துக்கொண்டார். "எவ்வளவு ஆழ்ந்த மனம்" என்று பாராட்டினார். என்னுடைய நான்கு பந்திக்கு ஒரு "நன்றி."

"என்ன தம்பி, மொறச்சிப் பாத்தா லைன் வேகமா வருமா?" என்றார் பலீல் நானா.

அடுத்த வருடத்துக்கு ஒரேயொரு புலமைப்பரிசில் இருந்தது.

3

(என்னை இங்கே நல்லவனாக்கலாமா என்று யோசித்தேன். கட்டுப்படியாகவில்லை.)

கடைசி வகுப்புக்குச் சற்று முன் கைபேசியில் நேசமலரின் கோல் வந்தது.

"யோகன், இங்க சுற்றிவளைப்பு. பொலிசில இருக்கிறன். பொலிஸ் பதிவுத் துண்டை வீட்டில விட்டிட்டன், அதால பிடிச்சிட்டாங்கள். மாக்ரெட்டிட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"அவங்களுக்கும் ஒரு ஓமைப் போடுங்கோவன், விட்டிடுவாங்கள்."

"பகிடியை விடுங்கோ. சொல்லுவீங்களோ?"

"ஓம்."

வகுப்பில் மாக்ரெட் கேட்டார்: "நேசமலர் படிப்பை விட்டுவிட்டாரா?"

ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. தட்டினேன். ஓம்.

பிறகு மாக்ரெட் எழுதினார்: "நாங்களும் அவருக்காகப் பிரார்த்திக்கிறோம். காத்திருப்போம்."

புலமைப்பரிசில் அவளுக்கே போனது. பெருந்தன்மைக்காக எனக்கொரு பாராட்டு.

4

முதல் முடிவில், பொலிஸ் விட்ட பிறகு அவள் எனக்குக் கோல் எடுத்து, நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள். வெட்டிவிட்டேன். அந்த வகுப்பின் எழுத்துப் பதிவு அவளுக்கும் வந்தது. அதில் அந்தச் சொல்லை வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"எனக்காகப் பிரார்த்திச்சீங்களாம். மாக்ரெட் எழுதியிருக்கிறா."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அது எந்த ஓம், யோகன்?"

இரண்டாம் முடிவில் நான் உண்மையைச் சொல்கிறேன். மூன்றாவதில் லைன் அறுந்துபோகிறது. எதையும் எடுங்கள் வாசகரே, நான் பேரம் பேசமாட்டேன்.

கணக்கு: அவளுக்குச் சொன்ன ஓம் ஒன்று. திரையில் போட்ட ஓம் ஒன்று. அவள் கேட்ட கேள்வி ஒன்று.

பதில், நிலுவை.