தப்பே இல்லாத பெட்டி

காலையில் குடிநீர் நிலையத்துக்குள் நுழைந்ததும் அதன் மேலாளர் முதலில் பார்ப்பது தண்ணீரை அல்ல, பெட்டியை. கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மாட்டிய சாம்பல் நிற இரும்புப் பெட்டி அது. நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. அதன் கீழே ‘எல்லாம் சரி’ என்று எழுத்து ஓடும். அதைப் படித்து முடித்தால்தான் அவருக்குத் தேநீர் தொண்டையில் இறங்கும்.

ஊர் குடிக்கும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானித்தது. குறைந்தால் வயிற்றுப்போக்கு, கூடினால் தொண்டை வெந்துவிடும். உள்ளே ஓடும் கணினி நிரல் எப்படி எழுதப்பட்டது என்று விற்ற நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மூடியில் ஒரு முத்திரை: ‘பிரித்தால் உத்தரவாதம் செல்லாது.’ அந்த முத்திரையைப் பார்த்துத்தான் மேலாளர் பெட்டியை வாங்கவே சம்மதித்தார்.

மூடிய பொருள் என்றால் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஊரில் அவரைப் பூட்டுக்காரர் என்பார்கள். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கே பூட்டு. எறும்புகள் வரிசையாக வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் மனைவி சொல்வார். அந்த அம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

நிலைய வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் குழாயில் முதல் வீடு அவருடையது. மகளும் அவளுடைய கைக்குழந்தையும் கொஞ்ச நாளாக அங்கேதான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். பக்கத்து ஊர்க் குடிநீர் நிலையத்தில் கணினிப் பொறியாளன். அங்கே ஓடுவது ஓப்பன் சோர்ஸ் நிரல். அதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், தப்பிருந்தால் சொல்லலாம், திருத்தியும் கொடுக்கலாம்.

“மாமா, எங்க நிரல்ல ஒரு ஓட்டை. வெளியிலருந்து பாஸ்வேர்டே இல்லாம உள்ள நுழைஞ்சுடலாம். எங்கயோ ஒரு நாட்டுல ஒரு பொண்ணு கண்டுபிடிச்சு எல்லாருக்கும் சொல்லிட்டா. திருத்தமும் வந்துடுச்சு, நான் போட்டுட்டேன். உங்க பெட்டியையும் ஒரு தடவை பாருங்களேன்.”

மேலாளர் சிரித்த சிரிப்பில் சாப்பாடு புரையேறியது. “கேட்டியா உன் தம்பி பேச்சை? தன் வீட்டு ஓட்டையைத் தானே ஊரெல்லாம் தண்டோரா போடுறான்! மச்சான், எங்க பெட்டி வந்ததுலருந்து ஒரு தப்புகூட வெளிய வந்ததில்ல, தெரியுமா?”

“வெளிய வரலை. உள்ள இல்லைன்னு யார் சொன்னா?”

“கம்பெனியே சொல்லுது.”

“மாப்பிள்ளை எப்படின்னு மாப்பிள்ளைகிட்டயே விசாரிச்ச கதையா இருக்கு,” என்றார் மனைவி. “எங்கப்பா அப்படித்தான் விசாரிச்சார்.”

மச்சானின் வாய்க்கொழுப்பை அடக்குவதற்காகவே மேலாளர் மறுநாள் நிறுவனத்துக்குத் தொலைபேசினார். தேன் தடவிய குரல் ஒன்று, “எங்கள் அமைப்பில் அறியப்பட்ட குறைபாடுகள் எதுவும் இல்லை” என்றது. ‘அறியப்பட்ட’ என்ற சொல் அவர் காதில் ஏறவில்லை. ‘இல்லை’ மட்டும் ஏறியது.

அதன்பிறகு கசியும் குழாயடியில் தினமும் குளிக்க வரும் காகங்கள் வருவதை நிறுத்தின. மேலாளரின் நீலச் சட்டை துவைக்கத் துவைக்க வெளுத்து, வெள்ளைச் சட்டையாகவே மாறிவிட்டது. புதுசா என்று அலுவலகத்தில் விசாரித்தார்கள். குளிப்பாட்டி எடுத்தால் குழந்தை கண் சிவந்து வீறிட்டது.

“தண்ணி நெடியடிக்குதுங்க.”

“பெட்டி சரின்னு சொல்லுதே.”

“என் மூக்கு சரியில்லைன்னு சொல்லுதே.”

“உன் மூக்குக்கு உத்தரவாதம் இருக்கா?”

ஒரு நாள் காலை கட்டுப்பாட்டு அறைக்கதவைத் திறந்ததுமே அவர் கண்ணில் தீ வைத்தது போலிருந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது. ‘எல்லாம் சரி’ ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் குளோரின் செலுத்தும் பம்பு, பேய் பிடித்ததுபோல் உதறிக்கொண்டு முழு வேகத்தில் சுற்றியது.

கடவுச்சொல்லைத் தட்டினார். ‘தவறு’ என்றது பெட்டி. மறுபடி தட்டினார். ‘தவறு.’ யாரோ உள்ளே புகுந்து மாற்றியிருந்தார்கள். இத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகிப் பார்த்தவர்கள், இன்று முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்கள்.

நிறுவனத்தை அழைத்தார். “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்” என்று சொல்லிவிட்டு அது புல்லாங்குழல் வாசிக்கத் தொடங்கியது. மூடியைப் பிளக்கக் கை வைத்தார். முத்திரை தடுத்தது. கண்ணில் நீர் கொட்ட, அந்த ஒரு வரியைக் கடைசி எழுத்துவரை படித்தார். நம்புங்கள், நின்று படித்தார்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடவே, குழந்தையைக் கொஞ்சும் மகளின் குரல்.

பாய்ந்து போய் மின்சார மெயின் சுவிட்சை இழுத்தார். எல்லாம் நின்றது. வீட்டுக்கு ஓடினார். நேரமாகியிருந்தது, குழந்தை தொட்டிக்குள் இருந்தது. அழ முயன்று, அழவும் முடியாமல் இருமிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பாதித் தெரு ஏற்கெனவே தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழந்தைக்கு மூச்சு சீராக வெகுநேரம் பிடித்தது. “பிழைச்சுடும். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா...” என்றபடியே டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாலையில் மச்சான் வந்து முத்திரையைக் கிழித்து, தன் கணினியைப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தான். அவன் முகம் இருண்டது.

“மாமா, இது எங்க நிரல்தான். பழசு. மேல பேரை ஒட்டி, பூட்டி வித்திருக்கானுங்க. அந்த ஓட்டை அப்படியே இருக்கு. விஷயம் தெரிஞ்ச எங்கள மாதிரி ஊர்க்காரங்க எல்லாரும் அடைச்சுட்டோம். நுழையறவன் அடைக்காத இடமாத் தேடி வந்திருக்கான். உள்ள இருக்கிறது இதுதான்னு உங்களுக்குத் தெரியவே வழியில்ல.”

‘நான் அன்னிக்கே சொன்னேனே’ என்று அவன் சொல்லவில்லை. அவனுடைய அக்கா பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

அடுத்த நகரசபைக் கூட்டத்தில், நிறுவனம் புதுப் பெட்டி தர முன்வந்திருப்பதாகத் தலைவர் அறிவித்தார். பழையதைவிட நல்ல முத்திரையாம். மேலாளர் எழுந்தார்.

“வேண்டாம் ஐயா. தப்பே இல்லைன்னு சொன்னவனை நம்பி என் பேத்தியைப் பறிகொடுக்கப் பார்த்தேன். தப்பு எல்லா நிரல்லயும் இருக்கும். திறந்து வெச்சதுலயும் இருக்கும். ஆனா அதுல தேடலாம், கேள்வி கேக்கலாம், திருத்தலாம். அதுக்காகத் திறந்து வெச்சுட்டுத் தூங்கவும் கூடாது; வர்ற திருத்தத்தை அன்னன்னைக்குப் போட ஒரு ஆளை நியமிங்க. நாம சோதிச்சுப் பார்க்க முடியாத எதையும், ஊரோட உயிருக்குக் காவலா வைக்கக்கூடாது.”

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். “யார் வேணாலும் பார்க்கலாம்னா, திருடனும் பார்ப்பானேய்யா?”

“திருடன் எப்பவோ பார்த்துட்டான் ஐயா. பார்க்காம இருந்தது நாம மட்டும்தான்.”