பதினாலாம் நம்பரும் மூன்றாவது பட்டனும்

பட்டன் கடைக்காரர் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் என்று எடுத்தால் ஆயுளில் ஒன்றே ஒன்றுதான் தேறும். அது அந்தப் பச்சை என்ஜின். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆறு சக்கரம், இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, முன்னால் இடி தாங்குகிற பஃபர் கட்டையில் வெள்ளையாகப் பதினாலு என்று நம்பர். சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டியதைப் பார்த்து விற்றவனுக்கே சந்தேகம் வந்து, "உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்று கேட்டானாம்.

அப்படி வாங்கிய என்ஜின் எட்டு வருஷமாகப் பஞ்சு சுற்றிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. காரணம், சம்பந்தி.

சம்பந்தி ஓய்வுபெற்ற ரயில் கார்டு. அவருடைய மகனுக்குத்தான் பட்டன் கடைக்காரர் மகளைக் கொடுத்திருந்தார். கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு, ஊரில் ஓடி நின்றுபோன கிளை ரயில் பாதையை அப்படியே சின்ன அளவில் கட்டிவிடுவது என்று இருவரும் கிளம்பினார்கள். கடை மாடியில் பட்டன் மூட்டைகளெல்லாம் மூலைக்குப் போயின. நடுவில் பெரிய மேஜை, அதன்மேல் ஸ்டேஷன், கூட்ஸ் கொட்டகை, ஏற்றம், ஏற்றத்துக்குக் கீழே வளைவு. யாராவது "பொம்மை ரயில்" என்று சொல்லிவிட்டால் போதும், சம்பந்தியின் முகம் மூன்று நாளைக்குத் தொங்கும்.

வருஷத்தைக் குறித்தது பட்டன் கடைக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு. அந்தப் பாதையில் அவருடைய அப்பா என்ஜின் ஓட்டிய கடைசி வருஷம். சட்டம் போட்டது சம்பந்தி. அந்த வருஷம் அந்தப் பாதையில் ஓடியதற்கு சாட்சி இருந்தால்தான் எதுவும் மேஜையில் ஏறலாம். ஒரு போட்டோ, ஒரு பதிவேடு, இல்லையென்றால் பார்த்த ஆள். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதில் நம்பர், வருஷம், கீழே 'சாட்சி' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் சம்பந்தியின் கையெழுத்து.

தராசு பிடிக்கிற கைக்குக்கூட அவ்வளவு கறார் கிடையாது. பட்டன் கடைக்காரர் ஆசை ஆசையாக வாங்கி வந்த எண்ணெய் டாங்க் வேகன் மூன்றை, "இந்த வால்வு எழுபத்தஞ்சுக்கு மேலதான் வந்தது, எடுங்க சம்பந்தி" என்று திருப்பி அனுப்பினார். மூடு வேகனில் கதவுத் தாழ்ப்பாள் இடம் மாறியிருந்ததால் ஒன்று போயிற்று. பச்சை என்ஜினைப் பார்த்ததும் கையில்கூட வாங்கவில்லை.

"பதினாலு எழுபத்தொண்ணு கடைசியிலயே உடைக்கப் போயிடுச்சு சம்பந்தி. பதிவேட்டுல நானே பார்த்திருக்கேன்."

"எங்கப்பா எழுபத்திரண்டுல ஓட்டினேன்னு சொல்றாரே."

"பெரியவரு. வயசாச்சுல்ல, வருஷம் குழம்பும். நான் இந்த லைனுக்கு வந்ததே எழுபத்துமூணுல. அப்பவே பதினாலை யாரும் பார்த்ததா சொல்லலை."

அப்பா சொல்வது எப்போதும் ஒரே கதை. மழைக்காலம். ஏற்றத்துக்குக் கீழே அவர் பதினாலை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். மேலே நின்ற கூட்ஸ் வண்டி தானாகப் பின்னால் உருண்டு வந்து, கடைசியில் இருந்த பிரேக் வேன் அவர் என்ஜின்மேல் மோதுகிறது. வேனில் இருந்த புதுக் கார்டுப் பையன் கைப்பிரேக் போடவில்லை. விசாரணையில் அந்தப் பையன் போட்டேன் என்று சொல்லிவிட்டான். நின்ற வண்டியில் என்ஜினைக் கொண்டுபோய் இடித்தவர் என்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தரவுக் காகிதத்தை அப்பா அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டுப் பட்டன் விற்கப் போனார்.

சம்பந்தி பேச்சைக் கேட்டுவிட்டு வந்த அன்று பட்டன் கடைக்காரர் அப்பாவிடம், "விடுங்கப்பா, அந்த வருஷம் அந்த என்ஜினே இல்லையாம். அவர் ரயில்வே ஆளு, தெரியாம சொல்லுவாரா?" என்றார். கண் பார்வை போய்ப் பத்து வருஷமாகியிருந்த கிழவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "சரிப்பா" என்றார். அதற்கப்புறம் இறக்கும்வரை அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் சம்பந்தி கிழவர் முன்னால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று பட்டன் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மேஜை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மத்தியானம் வர்ணம் அடித்து வந்த பிரேக் வேனைத் தண்டவாளத்தில் வைத்தார்கள். சம்பந்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பின்பக்கம் தப்பு. கீழேருந்து மூணு பலகை புதுசு. அது மட்டும் சிவப்பு தூக்கலா இருக்கணும்."

"மூணு பலகையா? யாரு வந்து கீழேருந்து எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன்."

பட்டன் கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எட்டு வருஷத்துக் கடுப்பு வேறு. "சாட்சி இருக்கா சம்பந்தி? எங்கிட்டேருந்து மூணு டாங்க் வேகனைக் கழிச்சவராச்சே நீங்க. சட்டம் எல்லாருக்கும்தானே?" என்றார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாட்சி கேட்டுப் பழகிய வாயிடம் சாட்சி கேட்டால் ரோஷம் வராதா? சம்பந்தி பையைத் துழாவி, பழைய டைரிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். "கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் கொடுத்தது. உடைஞ்சப்போ எடுத்தது. எந்த மூணு பலகைன்னு எண்ணிக்கோங்க."

போட்டோவின் மேல்பக்கமும் இடப்பக்கமும் கத்தரித்திருந்தது. பட்டன் கடைக்காரர் விளையாட்டாகத்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார். பட்டனில் துளை எண்ணுகிற கண்ணாடி. கீழேருந்து மூன்று பலகை உடைந்திருந்தது நிஜம். அவற்றுக்குள் ஒரு பஃபர் குத்தி நின்றது. அதை வெட்டினால் பலகையும் போய்விடும் என்பதால் கத்தரி அந்த இடத்தை விட்டிருந்தது. பஃபர் கட்டையில், சேறு தெறித்து, பதினாலு. வேன்மேல் சாய்த்து வைத்த கரும்பலகையில் சாக்கட்டியால் தேதி. வருஷம் எழுபத்திரண்டு.

கண்ணாடியை வலது ஓரத்துக்கு நகர்த்தினார். வேனின் படியருகே ஒரு கார்டு கோட்டு நின்றது. கழுத்துக்கு மேலே கத்தரி. கோட்டில் வரிசையாகப் பித்தளைப் பட்டன், மூன்றாவது மட்டும் வேறு. நாலு துளை, குறுக்கே போட்ட தையல், விளிம்பில் இரட்டை வரி.

அந்தப் பட்டனை அவர் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். சம்பந்தம் பேசுவதற்கும் முன்னால், சம்பந்தி முதன்முதலாகக் கடைப்படி ஏறியதே அதற்காகத்தான். 'வேலைக்குச் சேர்ந்தப்போ போட்ட முதல் கோட்டு சார். ஒரு பட்டன் விழுந்து அம்மா கையில கிடைச்சதைத் தைச்சுட்டாங்க. ஜோடி கிடைக்குமா?' மூன்று வாரம் அலைந்து பித்தளைப் பட்டன் பிடித்துக் கொடுத்ததும் இவர்தான். பழைய பட்டன் இன்னும் கல்லாப்பெட்டியில் கிடந்தது.

"இந்த லைனுக்கு எப்ப வந்தீங்க சம்பந்தி?"

"சொல்லியிருக்கேனே. எழுபத்துமூணு."

பட்டன் கடைக்காரர் கீழே போனார். திரும்பி வந்து, அந்தப் பட்டனைப் போட்டோவின் மேல் வைத்தார். பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்தார். சம்பந்தி கண்ணாடியைத் தொடவில்லை.

"கைப்பிரேக் போட்டீங்களா?"

கீழேயிருந்து மகள் குரல் வந்தது. "அப்பா, மாமா, டீ ஆறுது."

"வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆச்சு," என்றார் சம்பந்தி. "போட்டேன்னுதான் நினைச்சேன். விசாரணையில அப்படியே வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்திச் சொன்னா ரெண்டு தப்பாயிடும்."

"நான் கேட்டது அது இல்லை."

"போடலை."

"சம்பந்தம் பேசறப்போ யார் வீடுன்னு தெரியுமா?"

"தெரியாது. பெரியவர் பேச ஆரம்பிச்சதும் குரல்ல தெரிஞ்சுது. அதுக்குள்ள தாம்பூலம் மாத்தியாச்சு." சம்பந்தி பிரேக் வேனைத் திருப்பித் திருப்பி வைத்தார். "என்னால ஆனதைச் செய்யலாம்னுதான் எட்டு வருஷமா தினம் வந்தேன்."

"தினம் வந்து அவரு பொய் சொல்றாருன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. நானும் போய் அவர்கிட்டயே சொன்னேன்."

பட்டன் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, பச்சை என்ஜினை ஏற்றத்துக்குக் கீழே தண்டவாளத்தில் வைத்தார். புதிதாக ஓர் அட்டையும் பேனாவும் எடுத்துச் சம்பந்தி முன்னால் தள்ளினார்.

"ஞாயித்துக்கிழமை ஊரே வருது," என்றார் சம்பந்தி. "என் மகன் வருவான். உங்க மகளும் நிப்பா."

"சட்டம் நீங்க போட்டது."

சம்பந்தி நம்பரை எழுதினார். வருஷத்தை எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் அச்சடித்த மாதிரி இருக்கும், அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. 'சாட்சி' என்ற கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. பட்டன் கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. எதிராளியை அவனே பேசும்வரை காக்க வைப்பது அவருடைய பிறவித் தொழில். ஆனால் இந்தக் காத்திருப்பில் லாபம் என்று எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை. அட்டையை யாரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவது?

கையெழுத்து விழுந்தது. சம்பந்தி பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான் கீழ போகட்டுமா?" என்று கேட்டார். எட்டு வருஷத்தில் அந்த மாடிப்படி இறங்க அவர் உத்தரவு கேட்டது அதுதான் முதல் தடவை.

"போங்க. டீ ஆறிடும்."

காலடி இறங்கிப் போனது. பட்டன் கடைக்காரர் பிரேக் வேனைக் கையில் எடுத்து, அதன் அடியில் மயிரிழை போலிருந்த கைப்பிரேக்கை நகத்தால் தள்ளிப் போட்டார். பிறகு அதை ஏற்றத்தின் உச்சியில் வைத்து விரலை எடுத்தார். வேன் அங்கேயே நின்றது.